டம்மியாக உட்காராத கூட்டாளி

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் என் கூட்டாளிக்குச் சுத்தமாக வராதது ஒன்றே ஒன்றுதான்: டம்மியாக உட்காருவது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் ஆட்டம். எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். இன்ன இனம் துருப்பு, இத்தனை பிடி எடுப்பேன் என்று முதலில் ஏலம் கேட்க வேண்டும். ஏலம் எடுத்த ஜோடியில் அந்த இனத்தை முதலில் கேட்டவர்தான் ஆடுவார். மற்றவர் தன் சீட்டுகளை மேஜையில் விரித்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு, ஆடுகிறவர் சொல்லும் சீட்டை எடுத்துப் போட வேண்டும். அவர்தான் டம்மி.

கூட்டாளிக்கு மானாம்பதியில் ஏரிப் பாசன நிலம். அதில் ஏர் ஓட்டியவர் என் அப்பா. பத்து வயதுப் பையனாக இருந்த இவரை அப்பா ‘சின்ன நைனா’ என்றுதான் கூப்பிடுவார். நான் தபால் இலாகாவில் சேர்ந்து, வடக்கே மாற்றலான இடத்தில் பிரிட்ஜ் கற்றேன். ஓய்வு பெற்றுத் திரும்பினால், உத்திரமேரூர் வட்டாரத்தில் இந்த ஆட்டம் தெரிந்தவர்கள் என்னையும் சேர்த்து நாலே பேர். ஒரு ஆசிரியத் தம்பதி, நான், சின்ன நைனா. தம்பதி பிரிந்து ஆட மாட்டார்கள். அதனால் எனக்கு வாய்த்தவர் இவர். நான் ‘சார்’ என்பேன், அவர் ‘டா’ என்பார். இரண்டு பேருக்கும் ஒரே வயது.

குடவோலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த ஊர் என்று வெளியூர்க்காரர்களிடம் மார்தட்டுவார். எங்கள் மேஜையில் மட்டும் தேர்தல் கிடையாது. நான் ஹார்ட் கேட்டால் அவர் இஸ்பேட் கேட்பார். கையில் இஸ்பேட் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். நான் ஏற்றினால் அவரும் ஏற்றுவார். நான் விரித்து வைக்கும்வரை விடமாட்டார். பிறகு விரலைச் சொடுக்குவார்.

“அத்த எடு. அது இல்லடா, பக்கத்துல கீது பாரு.”

தோற்றால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். “நீ விரிச்ச சீட்டு சரியில்லடா.”

இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் இப்படியே போனது. தோற்பது எனக்குப் பெரிதில்லை. ஒரே ஒரு கை நான் ஆட வேண்டும், அவர் விரித்துவிட்டு உட்கார வேண்டும். அற்ப ஆசைதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு ஞாயிறு எங்களுக்குச் சீட்டு கொட்டியது. தம்பதியை முதன்முதலாக முந்தியிருந்தோம். சின்ன நைனாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடைசிக் கை, முதல் கேள்வி என்னுடையது. கையில் சீட்டு சுமார்தான்.

“ஏழு நோ டிரம்ப்” என்றேன்.

முதல் ஆறு பிடி கணக்கில் சேராது; ஏழு என்றால், துருப்பே இல்லாமல் பதின்மூன்று பிடியையும் எடுப்பேன் என்று அர்த்தம். ஏலத்தில் அதற்கு மேல் கேட்க எதுவும் கிடையாது. எவ்வளவு நிலம் இருந்தாலும் கிடையாது.

“இன்னாடா கேட்ட?” என்றார் சின்ன நைனா.

டீச்சரம்மா கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு “டபுள்” என்றார். தோற்றால் தண்டனை பல மடங்கு. அவர் முதல் சீட்டை இறக்கியும் சின்ன நைனா கையை மார்போடு அணைத்துக்கொண்டே இருந்தார்.

“விரிங்க சார். நீங்கதான் டம்மி” என்றார் டீச்சரம்மா.

விரித்தார்.

“டைமன்ல மூணு போடுங்க சார்.”

அவர் கை சீட்டின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போட்டார். சொடுக்க வேண்டும் என்று என் விரல் துடித்தது. சொடுக்கவில்லை, அந்த அளவுக்கு நான் நல்லவன். பதின்மூன்று முறை சொன்னேன், பதின்மூன்று முறையும் போட்டார். ஐந்து பிடி குறைந்து, முந்தியதெல்லாம் போய், படுதோல்வி.

“இன்னாத்துக்குய்யா ஏழு கேட்ட? கம்மியா கேட்டிருந்தா ஜெயிச்சிருப்பமே!”

‘டா’ போய் ‘யா’ வந்திருந்தது. எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. “சும்மா கேட்டுப் பாத்தேன் சார்” என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு நான் “ஒரு ஹார்ட்” என்று ஆரம்பித்தேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, “மூணு ஹார்ட்” என்று என் சீட்டுக்கே ஒத்தாசை செய்தார். மனம் மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். மறுபடி ஏழு கேட்டுவிடுவேனோ என்ற பயம். இருக்கட்டும். அன்றும் நான் ஆடினேன், அவர் விரித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.