இரண்டு முழத்துக்கு ஒரு முறை

தங்கையைப் புரட்டிப் போடும் வேலை வந்து சேர்ந்தபோது எனக்குப் பதினோரு வயது, அவளுக்கு ஏழு. முதுகெலும்பு கீழே மூடாமலே பிறந்தவள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. வளர வளர முதுகு கூனிக்கொண்டே போக, இரண்டு கையையும் தரையில் ஊன்றினால்தான் உட்கார முடியும். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் அறுவை செய்து, கம்பி வைத்து நிமிர்த்தி, மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். நடக்க மாட்டாள், ஆனால் கையை ஊன்றாமல் உட்காருவாள் என்றார் டாக்டர். எங்களுக்கு அதுவே பெரிய வரம்.

வலி தெரியாத உடம்பு, ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வந்துவிடும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டுங்கள் என்றும் சொல்லியிருந்தார். திருத்தணியில் எங்கள் வீட்டில் கடிகாரம் ஏது? நைனா தறியில் இரண்டு முழம் நெய்ததும் குரல் கொடுப்பார். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்ட நான் எழுந்து போவேன். மாவுக்கட்டோடு அவள் கருங்கல்லாய்க் கனப்பாள். அலுப்பென்றால் அப்படி ஓர் அலுப்பு, இன்றைக்கும் தோளைவிட்டுப் போகவில்லை. ராத்திரி முறை அம்மாவுடையது.

நெசவுக்காரர் வீட்டில் அமாவாசையன்று தறியைத் தொடமாட்டார்கள். அன்று நைனா மலைக்குப் போய்விட்டார், அம்மா படையலுக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். குரலே வரவில்லை. காலையில் சும்மா சாய்ந்த நான் விளக்கு வைக்கும்போதுதான் எழுந்தேன். தங்கை சத்தமே போடாமல் கிடந்தாள். பார்க்க வந்த அத்தை, இப்படியொரு பொறுமைசாலியைக் கண்டதில்லை என்று அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டுப் போனாளாம்.

பத்தாம் நாள் நாற்றம் வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டை வெட்டிப் பார்த்தால், இடுப்பெலும்பின்மேல் உள்ளங்கை அகலப் புண். சீழ் கம்பிவரை போய்விட்டதென்று கம்பியையே எடுத்துவிட்டார்கள். முதுகு மெல்ல மெல்லப் பழையபடி வளைந்தது. நைனா யாரையும் திட்டவில்லை. குரல் கொடுக்காதது தன் தப்புதான் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

எனக்கு அவள்மேல்தான் ஆத்திரம். வலிதான் தெரியாது, பொழுது போவதுகூடவா தெரியாது? வார்டிலேயே கேட்டுவிட்டேன்.

"ஏண்டி, என்னைக் கூப்ட்டிருக்கலாம் இல்ல?"

"நீ தூங்கிகினு இருந்தேக்கா."

பழியை என்மேல் போடுகிறாள் என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. என்னைத் தூங்கவிடத்தான் அன்று முழுக்க வாயைத் திறக்காமல் கிடந்தாள் என்பது அந்தப் பதினோரு வயதுக் கழுதைக்கு எட்டவில்லை.