சாமி மேளமில்லாமல் திரும்பும் நாள்

கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்த முதல் தைப்பூசத்தன்று, சாமி தெருவில் வரும் நேரம் பார்த்து நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டேன். தெரியாமல் செய்ததுதான். நான் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். தீபத்துக்குத் தீபம் வந்து கும்பிட்டுவிட்டுப் போனவளே தவிர, அண்ணாமலையார் குடும்ப விவகாரமெல்லாம் எனக்கு என்ன தெரியும்? சாமி வந்தால் மேளம் கேட்கும், கேட்டதும் ஓடிப்போய்ப் பார்க்கலாம் என்று பாட்டுக் கேட்டபடி அடுப்படியில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன்.

மேளம் வரவில்லை. கீழே கடையில் இருந்த என் கணவர்தான் படியேறி ஓடிவந்தார். வந்த வேகத்தில் ரேடியோவை அணைத்தார்.

“சாமி போய்னு இருக்குது, நீ பாட்டு வெச்சுனு இருக்கியே.”

“சாமி வந்தா மேளம் வருமில்லைங்க?”

“இன்னிக்கு வராது. சாமிக்கு அப்பா செத்துட்டாரு.”

நான் சிரித்துவிட்டேன். சிவனுக்கு ஏது அப்பா? ஆதியும் அந்தமும் இல்லாதவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு அருகே அழைத்துப்போய்க் காட்டினார். ஈசானிய குளத்தில் தீர்த்தமாடிவிட்டு சாமி கோயிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நாதஸ்வரம் இல்லை, தவில் இல்லை. தூக்கி வருகிறவர்களின் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. தெருவில் டீக்கடை ரேடியோவைக்கூட நிறுத்தியிருந்தார்கள்.

மறுநாள் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் வல்லாள கோபுரத்தடியில் நிற்கவைத்து, தூணில் கைகூப்பி நிற்கும் ராஜாவைக் காட்டி அந்தக் கதையைச் சொன்னார். அவரே பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி சொல்வார். வல்லாள ராஜா இந்த ஊரிலிருந்து ஆண்டவர். கோபுரம் கட்டியவர். பிள்ளை இல்லாதவர். அவரைச் சோதிக்க சாமி ஒரு அடியாராக அரண்மனைக்கு வந்தாராம். உபசரிக்கப் போன இளைய ராணி தொட்டதும் அடியாரைக் காணோம், கையில் ஒரு பச்சைக் குழந்தை. ராஜா ஓடிவந்து குழந்தையை வாங்கிக் கொஞ்சுவதற்குள் அதுவும் மறைந்துவிட்டது. “உனக்கு நானே பிள்ளை. உன் காரியத்தை நானே செய்வேன்” என்று சாமி வாக்குக் கொடுத்தார். பிறகு ராஜா போரில் செத்துப்போனார். தைப்பூசத்தன்று குளத்தில் தீர்த்தமாடும்போது அந்தச் செய்தி சாமிக்கு வருகிறது. அதனால்தான் மேளமில்லாமல் திரும்புகிறார். அடுத்த மாதம் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், ஆற்றங்கரையில் மகனாக நின்று ராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். இன்றுவரை ஒரு வருஷமும் தவறியதில்லை.

“சரிங்க, அந்த ராணி என்ன ஆனாங்க?” என்று கேட்டேன்.

“எந்த ராணி?”

“குழந்தையக் கையில வெச்சிருந்தாங்களே, அவங்க.”

“அதெல்லாம் கதையில இல்ல” என்று நடையைக் கட்டினார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு பெண்ணின் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டு உடனே பிடுங்கிக்கொண்டால், அவள் என்ன ஆனாள் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லையா?

எங்கள் கடை கேசட் கடை. கீழே கடை, மேலே வீடு. அந்த வருஷங்களில்தான் பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டம் மாதத்துக்கு மாதம் ஜாஸ்தியாகிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் சிவன் பாட்டு ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை ஓயாது. பேசுவது காதில் விழாமல் நாங்கள் வீட்டுக்குள் கத்திக் கத்தியே பேசிப் பழகிவிட்டோம். இந்தப் பாட்டு ஒருநாள் என்னைப் பைத்தியமாக்கிவிடும் என்று நான் சண்டை போடாத வாரம் கிடையாது. தைப்பூசத்தன்று சாமி தெருவைத் தாண்டும்வரைதான் எனக்கு விடுதலை.

இதற்கிடையில் எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் “இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லியா?” என்று கேட்டார்கள். சோப்பு வாங்கப் போன கடையில்கூடக் கேட்டார்கள். கோயில் மகிழ மரத்தில் நான் தொட்டில் கட்டினேன். கட்டிய தொட்டில்கள் வெயிலில் வெளுத்தன, மறுபடி கட்டினேன். செருப்பில்லாமல் மலையைச் சுற்றினேன். அடி அண்ணாமலையில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து காலில் குத்திய முள்ளைப் பிடுங்கும்போது, இந்த ஆளுக்கு ராஜாவிடம் மட்டும்தான் மனசு இளகுமா என்று மலையைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன். கோயிலூரில் குடியிருந்தால் சாமியை உரிமையோடு திட்டவும் பழகிவிடுகிறது.

கடைசியில் உண்டானேன். என் மாமியார் என்னைத் தரையில் நடக்கவிடவில்லை. என் கணவர் பாட்டுச் சத்தத்தைத் தானாகவே கம்மி பண்ணினார். மார்கழி முடிகிற சமயம், நாள் வருவதற்கு ரொம்ப முன்பே வலி கண்டு வேலூருக்குக் கொண்டுபோனார்கள். பையன் பிறந்தான். என் கையில் ஒருமுறை கொடுத்தார்கள். விரலைப் பிடித்துக்கொண்டான். அந்த ராத்திரி தாண்டவில்லை. என் அண்ணனும் என் கணவரும் எடுத்துப்போய் அடக்கம் செய்தார்கள். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஊர் திரும்பியபோது எங்கள் கடையில் பாட்டு ஓடவில்லை. எதிர்க் கடை, பக்கத்துக் கடை எல்லாம் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“பாட்டப் போடுங்க” என்றேன்.

“இன்னிக்கு வேணாம்மா.”

“போடுங்க. ஃபுல்லா வைங்க.”

வைத்தார். அன்றிலிருந்து தினமும் நான்தான் வைக்கச் சொன்னேன். எந்தப் பாட்டை வெறுத்தேனோ, அதற்கு அடியில் ஒளிந்துகொண்டேன். நான் வாய்விட்டு அழவே இல்லை. அழுதுவிடு, அழுதால்தான் ஆறும் என்று சொல்லிச் சொல்லி மாமியாருக்கு அலுத்துப்போனது.

அழாவிட்டாலும் உடம்பு சும்மா இருக்கவில்லை. பால் கட்டிக்கொண்டு ஜுரம் வந்தது. மல்லிகைப் பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்றார் மாமியார். பனிக்காலத்தில் மல்லிகை எங்கே கிடைக்கும்? என் கணவர் பூக்கடை பூக்கடையாக அலைந்து, ராஜகோபுரத்துப் பக்கம் ஒரு அம்மாவிடம் கொஞ்சம் வாங்கிவந்தார். “சாமிக்காப்பா?” என்று அந்த அம்மா கேட்டதாம். இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். அந்தப் பூவைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். கல்யாணத்தன்று தலையில் இருந்த அதே வாசனை. அதற்குப் பிறகு நான் மல்லிகை வைத்துக்கொண்டதில்லை.

அப்படிப் படுத்திருந்தபோதுதான் தைப்பூசம் வந்தது. சாமி குளத்திலிருந்து கிளம்பிவிட்டதாகத் தெருவில் யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு கடையாகச் சத்தம் அடங்கியது. எங்கள் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் மேலே வந்து வாசலில் நின்றார்.

“இன்னிக்கு நிறுத்தாதீங்க” என்றேன்.

“சாமி வருதும்மா.”

“வரட்டுங்க. அவருக்கு அப்பா செத்து எத்தனையோ நூறு வருஷம் ஆவுது. எனக்கு இப்பதான்.”

அவர் முகம் போன போக்கை என்னால் இன்றும் சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் இருப்பவர், ஒரு தைப்பூசமும் தவறாமல் நிறுத்தியவர். அவருக்கும்தான் அது பிள்ளை. படியிறங்கிக் கீழே போனார். அவர் இறங்கிய பிறகும் பாட்டு ஓடியது. நிறுத்தமாட்டார் என்றே நினைத்தேன். பிறகு பாதி வரியில் பாட்டு நின்றது.

அவ்வளவு அமைதியை அந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. தூரத்தில் காலடிச் சத்தம். பிறகு வேறு ஒரு சத்தம் கேட்டது, மாடு கத்துவது மாதிரி. அது என் தொண்டையிலிருந்துதான் வருகிறது என்று தெரியச் சற்று நேரமானது. முந்தானையை வாயில் திணித்தேன். நிற்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. தெரு முழுக்க ஆட்கள் கைகூப்பி நின்றிருந்தார்கள், அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வேறு எந்தத் திருவிழாவாக இருந்தாலும் மேளச் சத்தத்தில் அமுங்கிப்போயிருக்கும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அமுங்காது.

பக்கத்து வீட்டு அக்கா படியேறி வந்து, “சாமி வாசலுக்கு வந்துடுச்சு, கொஞ்சம் கம்மியா அழும்மா” என்றார். அவர்மேல் தப்பில்லை, பயந்துவிட்டார்.

என் மாமியார் என் தலையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். “அழட்டும். சாமிக்கும் கேக்கட்டும்” என்றார்.

சாமி எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்.

அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை. மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். கேசட் போய் சி.டி. வந்துவிட்டது. மாசி மகத்துக்கு இருவரும் பஸ் பிடித்துப் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், சாமி ராஜாவுக்குத் திதி கொடுப்பதைப் பார்த்துவிட்டு வருகிறோம். பச்சைக் குழந்தைக்குத் திதி கிடையாது என்று சாஸ்திரம் தெரிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். ராணிக்கு உண்டா என்று கேட்டேன், அவர்களுக்குத் தெரியவில்லை.

ராஜா செத்ததற்காகத்தான் மேளம் நிறுத்துகிறார்கள் என்று என் கணவர் இன்றும் சொல்கிறார். அப்படியே இருக்கட்டும். எனக்கென்னவோ, அரண்மனைக்குள் அந்த ராணி அழுதுகொண்டிருந்திருப்பாள், அது வெளியே கேட்கவேண்டும் என்றுதான் யாரோ மேளத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்று படுகிறது. இதைச் சொன்னால் அவர் மறுத்துப் பேசுவதில்லை. தைப்பூசத்தன்று மற்ற கடைகளுக்கு முன்பாகவே பாட்டை நிறுத்திவிட்டு, மேலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்.