கேரட் நசுங்காத வண்டி

கொடைக்கானல் டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு பழைய வண்டி கைமாற வேண்டுமென்றால் சூசைமுத்து வந்து விலை சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு மாமா முறை. உலகத்தில் வண்டிகள் இரண்டு வகை என்பது அவருடைய கொள்கை. ஒன்று அவருடைய டீசல் ஜீப். இன்னொன்று மற்றவை.

சென்னையிலிருந்து வருகிற பெரிய கார்க்காரர்கள் தங்கள் எஞ்சினின் குதிரைத்திறனைச் சொல்லி அவரிடம் பெருமைப்படுவார்கள். முழுவதும் கேட்டுக்கொள்வார். "அத்தனை குதிரைக்கும் புல்லு போடணுமேங்க" என்று வருத்தப்படுவார். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த நான், பனிமலைகளில் சின்னச் சின்னக் கார்கள் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன் என்றேன். பனி மேட்டுக் கணக்கில் சேராது என்று முடித்துவிட்டார்.

விலை சொல்ல அவர் ஒரு சோதனை வைத்திருந்தார். மன்னவனூரில் பத்து மூட்டை கேரட் ஏற்றி, ஊருக்கு வெளியே உள்ள மேட்டின் நடுவில் வண்டியை நிறுத்த வேண்டும். பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டி ஒரு கேரட்டை வைப்பார். ஹேண்ட் பிரேக்கைத் தொடாமல், விற்பவரே வண்டியை மேலே எடுக்க வேண்டும். கேரட் நசுங்கினால் பாதி விலை. ஸ்டாண்டில் இதை எதிர்த்துப் பேசியவர் கிடையாது. ஜெயச்சந்திரன் தன் வேனை இப்படித்தான் பாதி விலைக்கு விட்டுவிட்டு, ஒரு மாதம் யாரிடமும் பேசாமல் இருந்தார்.

போன வருடம் மாமாவின் இடது முழங்கால் வீங்கியது. இனி கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்டியரிங்கை விட்டால் மாமாவுக்குச் சோறு இறங்காது என்று மகள் ஆனந்திக்குத் தெரியும். வட்டக்கானல் விடுதியில் வேலை பார்க்கிறவள் அவள். ஜீப்பை விற்றுவிட்டு, விடுதியில் இருப்பது போல கிளட்சே இல்லாத ஆட்டோ கியர் கார் ஒன்று வாங்கினால் தொடர்ந்து ஓட்டலாமே என்றாள்.

"அந்த அம்மிக்கல்லுல ஏறுறதுக்கு நான் வீட்டுல படுத்துக் கெடக்கேன்" என்றார் மாமா.

மகள் விடவில்லை. ஜீப்பை விற்க ஒப்புக்கொண்டார். ஆனால் யாராலும் வாங்க முடியாத ஒரு விலையைச் சொல்லி வைத்தார். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரர் ஞானவேல் அந்த விலைக்கே சரி என்றபோது மாமாவின் முகம் செத்துப்போனது. வாங்குகிறவருக்கும் சோதனையைப் பற்றித் தெரிந்திருந்தது; அதை நடத்தியே ஆக வேண்டும் என்றார்.

மன்னவனூர் மேட்டுக்கு நானும் போனேன். கேரட்டை வைக்கும் பொறுப்பை ஜெயச்சந்திரன் கேட்டு வாங்கிக்கொண்டார். நல்ல தடித்த கேரட்டாகத் தேடியெடுத்துச் சக்கரத்தின் அடியில் குழந்தையைப் படுக்க வைப்பது போல வைத்தார். ஜீப் உறுமியது. மாமாவின் முழங்கால் பாதியில் மடங்கிக்கொண்டது. ஜீப் ஒரு முழம் பின்னால் வந்து நின்றது.

ஜெயச்சந்திரன் குனிந்து பார்த்தார். "சட்னிங்க" என்றார்.

குற்றம் காலுடையது, எஞ்சினுடையதல்ல என்று மாமா வாதாடினார். என் வேனை விற்றபோது காலையும் எஞ்சினையும் நீங்கள் பிரித்துப் பார்த்தீர்களா என்று ஜெயச்சந்திரன் கேட்டார். பாதி விலைக்கு ஜீப் கைமாறியது. சாவியைக் கொடுக்கும்போது மாமா ஞானவேலிடம் தாழ்ந்த குரலில், "ரெண்டாவது கியரு சட்டுன்னு விழுகாதுங்க. கொஞ்சம் கெஞ்சணும்" என்றார்.

மாமாவால் நடக்க முடியவில்லை. நான் போன் செய்ய, ஆனந்தி விடுதியின் காரை எடுத்துக்கொண்டு வந்தாள். அவரை ஏற்றிக்கொள்ள அதே மேட்டில் நிறுத்தினாள். ஜெயச்சந்திரன் சும்மா இருப்பாரா? இன்னொரு கேரட்டை வைத்துவிட்டார். ஆனந்தி பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். கார் ஒரு நூல்கூடப் பின்னால் வராமல், அலட்டாமல் மேலே போனது. கேரட் வைத்தபடியே கிடந்தது.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

"வெயிட்டே இல்லாத வண்டி. கீழ உருளுறதுக்கும் ஒரு தெம்பு வேணுமில்ல?" என்றார்.

வீடு வரும் வரை அந்தக் காரின் குறைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஹாரன் பூனை மாதிரி, கதவு டின் மாதிரி. பூம்பாறை தாண்டியதும் திட்டுகள் கேள்விகளாக மாறின. மைலேஜ் எவ்வளவு? மழையில் எப்படி?

இப்போது ஸ்டாண்டில் அவருடைய ஆட்டோ கியர் கார் நிற்கிறது. கிளட்ச் மிதித்து வண்டி ஓட்டுகிறவர்கள் இன்னும் விறகடுப்பு ஊதுகிறவர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். எஞ்சின் சத்தம் போட்டால் அது பலமில்லையாம், நோயாம். கேரட் சோதனை மட்டும் மாறவில்லை. அதில் தேறிய அதே ரக வண்டி என்று தன் காரின் விலையையும் ஏற்றி வைத்திருக்கிறார்.

ஒருநாள் அந்தக் காரில் அவரோடு பழனிக்கு இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய இடது கால் வெறும் தரையை ஓங்கி மிதித்தது. அந்த இடத்தில் கால்மிதி தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. கால் வலிக்காதா மாமா என்றேன்.

"வலிக்கத்தான் செய்யும். தனக்குக் கிளட்ச் இல்லைன்னு வண்டிக்குத் தெரிய வேணாம் பாப்பா" என்றார்.