நரிக்கொம்பும் ஒரு கடிதமும்

நரிக்குக் கொம்பு உண்டா? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். இல்லை என்கிறவர்கள் தங்கள் வீட்டுச் சாமியறை அலுமாரியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சச்சிதானந்தன் தஞ்சம் கேட்டுப் படகில் வந்தவர். வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு வெளியே வந்து, தற்காலிக விசாவில், சிட்னிக்குத் தெற்கே ஓர் ஆட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறார். ஆடுகள் குட்டி ஈனும் காலத்தில் அவருடைய வேலை நரியைக் கூப்பிடுவது. வாயால் அல்ல, அதற்கென்று ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கிறது. அமெரிக்காவில் கயோட்டி என்ற காட்டுநாயைச் சுடுகிறவர்களுக்காகச் செய்தது. பெட்டியைப் புல்லில் வைத்துவிட்டு, நரிக்கு வாடை போகாமல் காற்று முகத்தில் அடிக்கும்படி தள்ளி உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கினால், அடிபட்ட முயல் ஒன்று கதறும். தின்னலாம் என்று நரி ஓடி வரும். ஆட்டுக்குட்டிகளைக் காப்பாற்றப் பண்ணைக்காரர் பீட்டர் சுடுவார். துவக்கைத் தொட சச்சிக்கு உரிமம் இல்லை. கதற வைக்க உரிமம் தேவையில்லை.

அவருடைய அகதி விண்ணப்பம் எல்லாப் படியிலும் நிராகரிக்கப்பட்டுவிட்டது. இனி மந்திரி மனம் வைத்தால்தான் உண்டு. பரமட்டாவில் அவருடைய வழக்கறிஞர் கௌசிகா சொன்னார்:

"அண்ணா, மந்திரிக்குப் பீட்டர் எழுதின சிபாரிசுக் கடிதம் நல்லா இருக்கு. எங்கட கொம்யூனிட்டியில இருந்தும் ஒண்டு வேணும். அடுத்த வெள்ளிக்கிழமை ஃபைல் போகுது."

சச்சி தமிழ்ச் சங்கத் தலைவர் சிவபாதசுந்தரத்திடம் போனார்.

"உமக்கு எழுதாமல் ஆருக்கு எழுதப்போறன்?" என்றார் தலைவர். "ஆனா தம்பி, நீர் நரியோட நிக்கிற ஆள். எனக்கொரு நரிக்கொம்பு கொண்டு வாரும். வீட்டில வைச்சால் தொட்டதெல்லாம் துலங்குமாம்."

"நரிக்குக் கொம்பில்லை அங்கிள்."

"நீர் கண்டது சும்மா நரி. கூட்டத்தின்ர தலைவனுக்குத்தான் இருக்கும். ஊளையிடேக்க தலையைக் குனியும், அப்பத்தான் கொம்பு வெளிய வரும்."

"இஞ்சத்த நரி கூட்டமா வாறேல்லை. தனியத்தான் வரும்."

"அப்ப எல்லாம் தலைவர்மார்தானே!"

நம் சங்கங்களின் நிலையும் அதுதான் என்பதால் சச்சி மறுத்துப் பேசவில்லை. மறுநாள் பீட்டர் சுட்ட நரியின் மண்டையை, ஒருவரும் பார்க்காதபோது பெருவிரலால் தடவிப் பார்த்தார். அதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிரந்தர விசா இல்லாதவரின் விரல் எதையும் தடவிப் பார்க்கும்.

ஞாயிறு மாலை, கொம்பைத் தானே பார்த்து எடுப்பதற்காகத் தலைவர் பண்ணைக்கு வந்தார். பட்டு வேட்டி, சந்தனம், அத்தர். காற்று நல்லவேளை எதிர்ப்பக்கம் போனது. மடக்குக் கதிரையில் அமர்ந்தார். பீட்டர் சற்றுத் தள்ளித் துவக்கோடு படுத்திருந்தார். பெட்டி கதறியது. துவக்குக்கு எட்டாத தூரத்தில், வேலி ஓரம் ஒரு நரி வந்து நின்று பார்த்தது.

"கொம்பைக் காணேல்லை," என்று தலைவர் கிசுகிசுத்தார். "பெட்டிக்குள்ள ஊளை இருக்கோ?"

"கயோட்டியின்ர இருக்கு. போட்டால் ஓடிடும் அங்கிள்."

"தம்பி, கடிதம்."

சச்சி அமுக்கினார். கயோட்டி இல்லாத கண்டத்தில் கயோட்டி ஊளையிட்டது. நரி தலையைக் குனியவில்லை, திரும்பிப் பார்க்காமல் ஓடியது. பண்ணை நாய்கள் மட்டும் தலையை நிமிர்த்திப் பதில் ஊளையிட்டன. எதற்கும் கொம்பு இல்லை.

பீட்டர் எழுந்து வந்து, என்ன நடக்கிறது என்று கேட்டார். சச்சி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினார். பீட்டர் தலைவரின் சந்தனப் பொட்டைப் பார்த்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காருக்குப் போகும் வழியில் சச்சி கேட்டார்: "அங்கிள், அந்த முயல் அவ்வளவு கத்தியும் உதவிக்கெண்டு ஒருத்தரும் வரேல்லை, கவனிச்சனீங்களோ?"

"அது பெட்டிதானே தம்பி."

"ஓம். என்ர கடிதம்?"

"உமக்கு இப்ப ஏழரைச் சனி. இப்ப எழுதினாலும் பலிக்காது. அது முடியட்டும், வடிவா எழுதுவம்."

வெள்ளிக்கிழமை ஃபைல் ஒரே கடிதத்தோடு போனது. அதுவும் பீட்டருடையது. பதில் இன்னும் வரவில்லை. சச்சி ரிமோட்டோடு புல்லில் உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருக்கிறார், உங்களுக்குத் தெரியும். அவருக்காக மந்திரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இன்றைக்கே, நல்ல நேரம் பார்க்காமல், அவரிடம் ஒரு கொம்பும் கேட்காமல்.