எண்ணெய்ச் சட்டி இறங்காத காலை

ஈப்போ புந்தோங்கில் எங்கள் சந்தில் ராக்காயியின் வாழைக்காய் வறுவலைத் தின்னாத வாய் கிடையாது. தின்றுவிட்டு அவளைப் பற்றிக் கன்னாபின்னாவென்று பேசாத வாயும் ஒரு சமயம் கிடையாது. நான் பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் இரண்டு குசினிக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவள் வீட்டில் மிளகாய் தாளித்தால் என் வீட்டில் தும்முவோம். ஆகவே, நடந்ததை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்தச் சந்தில் யாரும் இல்லை. அப்படி யாராவது சொல்லிக்கொண்டால் நம்பாதீர்கள்.

நாங்கள் எல்லாரும் சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரே தோட்டத்திலிருந்து வந்தவர்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்துவிட்டோம். ராக்காயியின் புருஷன் உடையப்பனுக்கு ஜெலாப்பாங்கில் பலகைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அவனுடைய அண்ணன் சின்னையாவும் அண்ணி வீரம்மாவும் தோட்டத்திலேயே தங்கிவிட்டார்கள். ராக்காயிக்கு மாமியார் இல்லை; இருந்த ஒரே பெரிய மனுஷி ஓரகத்தி வீரம்மாதான். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அக்கா அக்கா என்று அவள் பின்னாலேயே திரிந்தவள். வீரம்மா தன்னை ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு பயம்.

வறுவல் போடுவதை அவள் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வீட்டில் பாத்திரம் கழுவப் போனபோது பார்த்துப் பழகிக்கொண்டாள். அந்த வீட்டு மலையாள அம்மா யாருக்கும் எதையும் சொல்லித்தரும் ரகமில்லை. இவளாகத்தான் ஓரக்கண்ணால் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். காய் முழுவதையும் முதலில் உரித்து மஞ்சள் தண்ணீரில் போட்டுவிடுவாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, கொதிக்கிற எண்ணெய்க்கு மேலேயே பிடித்துச் சீவுவாள். பாதி வெந்ததும் உப்புத் தண்ணீரை ஒரு கரண்டி உள்ளே தெளிப்பாள். சட்டி சீறும், நமக்குக் குலை நடுங்கும், அவள் அசையமாட்டாள். சீற்றம் அடங்கியதும் அரித்து எடுத்தால் வறுவல் கலகலவென்று இருக்கும். இதில் ஒரே தொல்லை, உரித்த காய் காத்திருக்காது. வெளியே வைத்தால் கறுத்துப்போகும், தண்ணீரிலேயே கிடந்தால் ஊறிச் சொதசொதத்துப்போகும்.

எழுபத்தொன்பதாம் வருஷம் தீபாவளிக்கு முன்னால் ஒரு காலை. சந்தில் எல்லாரும் வறுவலுக்குச் சொல்லிவைத்திருந்தோம். உடையப்பன் வேலைக்குப் போய்விட்டான். ராக்காயி இரண்டு அண்டா நிறையக் காய் உரித்துப் போட்டு, முதல் ஈட்டுக்குச் சட்டியைக் காயவைத்திருந்தாள். அப்போது தோட்டத்து லோரிக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, உங்க மச்சாண்டாரு சின்னையா விடியக்காலயில தவறிட்டாருக்கா. நெஞ்சு வலின்னாரு, அவ்வளவுதான். ஒடனே வரச் சொன்னாங்க. நான் ஜெலாப்பாங் போயி அண்ணனக் கூட்டிக்கிட்டு வாரேன், நீங்க தயாரா இருங்க."

சொல்லிவிட்டு லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பங்காளி வீட்டுச் சாவு என்றால் அடுப்பில் இருக்கிற எண்ணெய்ச் சட்டியை அந்த நிமிஷமே இறக்கிவிட வேண்டும். கருமாதி முடியும்வரை அந்த வீட்டில் எதுவும் பொரியக் கூடாது. இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, குழந்தைக்குக்கூடத் தெரியும். பெண்பிள்ளை என்றால் வாசலுக்கு வந்து ஒரு குரல் எடுத்து அழவும் வேண்டும். அழுகுரல் கேட்டுத்தான் அக்கம்பக்கம் ஓடிவரும்.

ராக்காயி அழவில்லை. திரும்பி உள்ளே போய்க் காய் சீவ ஆரம்பித்தாள்.

ஏன் என்று பின்னால் என்னிடம் சொல்லியிருக்கிறாள். "நெனச்சுப் பாத்து செய்யலக்கா. அவ்வளவு காயும் உரிச்சுக் கெடக்கேன்னு கை அதுபாட்டுக்குப் போயிருச்சு. சேதி எனக்கு மட்டுந்தான தெரியும், அவரு வர்றதுக்குள்ள முடிச்சிரலாம்னு இருந்துச்சு."

சேதி அவளுக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தாளே, அங்கேதான் கெட்டது. லோரிக்காரர் சந்து முனையில் பத்துமலை கடையில் சேதியைச் சொல்லி, வீடு எது என்று விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். பத்துமலையின் பெண்சாதி மாரியம்மாவுக்கு ஒரு சேதி கிடைத்தால் போதும், வானொலிப் பெட்டிக்கு வேலை இல்லை. சந்தே சேலையைச் சரிசெய்துகொண்டு அழுகுரலுக்காகக் காத்து நின்றது. வந்தது வறுவல் வாசனை. இழவு விழுந்த வீட்டிலிருந்து ஈட்டுக்கு ஈடு சட்டி சீறும் சத்தம். நான் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அடி பாவி, இறக்குடி" என்று பல்லைக் கடித்தேன். அவள் காதில் விழவில்லை.

கடைசி ஈட்டை அரித்தெடுத்துவிட்டு அவள் வாசலுக்கு வந்து ஒப்பாரி எடுத்தபோது ஒருத்தரும் ஓடிவரவில்லை. எல்லாரும் ஏற்கெனவே அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மானம் போவது என்று சும்மா சொல்கிறோம்; அது போவதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

உடையப்பனுக்கு லீவு வாங்கிக்கொண்டு லோரி திரும்ப நேரமாயிற்று; அதில் நாங்களும் ஏறிப் போனோம். துக்க வீட்டில் பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்டி அழுவது வழக்கம். வீரம்மா ஓடிவந்து ராக்காயியைக் கட்டிக்கொண்டாள். அழுதுகொண்டிருந்தவள் நடுவில் ஒரு கணம் நிறுத்தினாள். ராக்காயியின் தலைமுடியிலும் சேலையிலும் அப்படி ஒரு எண்ணெய் வாசனை. பிறகு வீரம்மா அவளை இன்னும் இறுக்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து அழுதாள். ராக்காயிக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்ததாம்.

வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டின்களில் அடைத்திருந்த வறுவல் முழுவதையும் வாசல் சாக்கடை லோங்காங்கில் கொட்டினாள். கண்ணில் படாமல் தொலைக்கலாம் என்றால் அதற்குமா வினை? அது கனமில்லாத சாமான். சாக்கடைத் தண்ணீரில் மஞ்சள் மஞ்சளாக மிதந்து, ஒவ்வொரு வீட்டு வாசலையும் தாண்டி, பத்துமலை கடைக்கு முன்னால் போய்க் குப்பையில் சிக்கி நின்றது. மாரியம்மா ஆள் ஆளாகக் கூப்பிட்டுக் காட்டினாள். உடையப்பன் பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் கடைப் பக்கம் போவதை விட்டுவிட்டு, சிகரெட் வாங்கக்கூட மெயின் ரோட்டைச் சுற்றிப் போனான். திட்டியிருந்தால் தேவலை என்றாள் ராக்காயி.

கருமாதிக்குச் சந்துப் பெண்கள் எல்லாரும் தோட்டத்துக்குப் போனோம். ஆண்கள் ஆற்றங்கரைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் சடங்கை முடித்துத் திரும்பியதும் சட்டி ஏற்றி வடை சுட வேண்டும். பின்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். ராக்காயி ஒரு மூலையில் தலையைக் குனிந்துகொண்டு உளுந்து ஆட்டினாள். மாரியம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"இந்த வீட்டுல இன்னிக்குத்தான் சட்டி ஏறுது. எங்க புந்தோங்குலலாம் அன்னிக்கே ஏறிருச்சுலா" என்றாள்.

ஆட்டுக்கல் நின்றது. எல்லாரும் வீரம்மாவைப் பார்த்தோம். வீரம்மா கையிலிருந்த பூசணித் துண்டைக் கீழே வைத்தாள்.

"இந்தா பாரு மாரியம்மா, சேதி வர்றதுக்கு முன்னாடியே அவ சுட்டு முடிச்சிட்டா. எங்கிட்ட அன்னிக்கே சொன்னா. என் கொழுந்தன் பொண்டாட்டிய எனக்குத் தெரியும். சேதி கேட்டும் சட்டிய இறக்காத சாதி இல்ல அவ. இனிமே இந்தப் பேச்ச யாராச்சும் எடுத்தீங்க, நல்லாருக்காது, சொல்லிட்டேன்."

மாரியம்மா வாயை மூடிக்கொண்டாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. சந்துப் பேச்சு அத்தோடு ஒழிந்தது என்று நினைத்தேன். ஒழிந்துமிருக்கும்.

ராக்காயி எழுந்து நின்றாள். கையெல்லாம் மாவு.

"இல்லக்கா. சேதி வந்த பிறகுதான் சுட்டேன். தெரிஞ்சேதான் சுட்டேன். நான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலக்கா. எனக்காக நீங்க சொல்லாதீங்க, என்னால தாங்க முடியல."

சொல்லிவிட்டு விம்மினாள். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல்லை இறக்கி வைத்துவிட்டவளைப்போல இருந்தது அவள் முகம். வீரம்மா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். ராக்காயி பின்னாலேயே ஓடினாள். பயந்துபோய் நானும் போனேன்.

வீரம்மா சத்தம் போடவில்லை. "எனக்குத் தெரியாதா புள்ள?" என்றாள். "ஒன் தலையில எண்ணெய்ச் சூடுகூட ஆறல அன்னிக்கு. தெரிஞ்சுதான் சொன்னேன். ஒனக்கு மனசு லேசாவணும்னு என்னைய இத்தன பேரு முன்னால பொய்க்காரியா நிக்க வச்சிட்டியே. தாலி அறுத்தவ, கருமாதி அன்னிக்குப் பொய் சொன்னான்னுதானே இனிமே பேசுவாளுங்க?"

ராக்காயியின் முகத்தில் சற்று முன் பார்த்த நிம்மதி போன இடம் தெரியவில்லை. சட்டியை இறக்காதது பழைய வெட்கம்; அதற்குச் சந்து சாட்சி. அக்காவைப் பொய்க்காரியாக்கிய இந்தப் புது வெட்கத்துக்கு வீரம்மாவே சாட்சி.

வெளியே ஆண்கள் திரும்பிய சத்தம் கேட்டது. வீரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போ, போயி சட்டிய ஏத்து. எல்லாம் பசியோட வந்துருக்காங்க" என்றாள்.

ராக்காயிதான் அத்தனை வடையும் சுட்டாள். கண்ணீர் தாடை வழியாக இறங்கிக்கொண்டே இருந்தது, துடைக்கவும் இல்லை. மாரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் ராக்காயி அழுவுறா?" என்று கேட்டாள்.

"எங்க அழுவுறா? வெறகு ஈரம். பொகை கண்ணக் கரிக்குது" என்றாள் வீரம்மா.

இந்த முறை ராக்காயி வாயைத் திறக்கவில்லை.