எனக்குப் பொண்ணே கிடையாது

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தாடி நன்றாக வளர்ந்த பிறகுதான் தொல்லையே தொடங்கியது. அதற்கு முன்னால் எங்கே அடையாள அட்டையை நீட்டினாலும் ஆளையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னவோ இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். தாடி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. வங்கியில் ஒரு குமாஸ்தா அட்டையிலிருந்த பெண்ணின் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "உங்க தங்கச்சி நேர்ல வரணும் சார், நீங்க வந்தா ஆகாது" என்றார்.

"அந்தத் தங்கச்சி நான்தாங்க" என்றான் மெக்கானிக்.

குமாஸ்தா எழுந்து போய் மேலாளரை அழைத்துவந்தார். மேலாளர் தன் பங்குக்கு இன்னொருவரை அழைத்துவந்தார். மூவரும் சேர்ந்து அவன் முகத்தில் அந்தத் தங்கச்சியைத் தேடினார்கள். அன்றைக்கு வந்த வேலை நடக்கவில்லை.

தொழிலில் ஆள் கெட்டிக்காரன். இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு மேலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே, பிரேக்கைத் தளர்த்தி அலுங்காமல் இறக்கிவிடுவான். அப்படிப்பட்டவனுக்குக் காகிதம் என்றால் மட்டும் பயம். அதனால்தான் பெயர் மாறி, குரல் மாறி, சட்டை அளவு மாறிய பிறகும் அட்டையை மாற்றாமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணம் என்று ஒன்று வராமல் இருந்திருந்தால் இன்னும் ஓட்டியிருப்பான்.

கல்யாணப் பெண் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அந்தக் கடையில் சீட்டிலுள்ள பெயரைத் தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டுத்தான் மருந்து கொடுப்பார்கள். அவன் முதல்முறை தன் ஹார்மோன் ஊசி மருந்துக்குச் சீட்டை நீட்டியபோது, அவள் சீட்டைப் பார்த்தாள், தாடியைப் பார்த்தாள், கூப்பிடவில்லை. குரலைத் தாழ்த்தி, "கவர்ல என்ன பேர் எழுதட்டும்?" என்று கேட்டாள். அவன் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயரைச் சொன்னான். அவள் எழுதினாள். அவ்வளவுதான், ஆள் கவிழ்ந்துவிட்டான். அதற்குப் பிறகு இருமலே இல்லாதவன் வாரம் தவறாமல் இருமல் மாத்திரை வாங்கினான். அவளும் விவரம் தெரிந்தே விற்றாள்.

இப்போது அவளுக்கு வேறு ஊரில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். கல்யாணம் பதிவானவர்களுக்குக் குடியிருக்க வீடு உண்டு. ஆகாதவர்களுக்குப் பெண்கள் விடுதிதான். அதற்குள் பதிவு முடிந்தால் ஒரே வீடு. முடியாவிட்டால் அவள் அங்கே, அவன் இங்கே, இடையில் இரவெல்லாம் ஓடுகிற ரயில்.

பழைய அட்டையோடு திருமணப் பதிவுக்குப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சரி, அட்டையை மாற்றலாம் என்று போனால், "முதல்ல பள்ளிச் சான்றிதழ்ல மாத்திட்டு வாங்க" என்றார்கள். பள்ளிக்குப் போனால், "முதல்ல அட்டைல மாத்திட்டு வாங்க" என்றார்கள். அவன் நடையாய் நடந்தான். டாக்டர் கடிதம் வாங்கினான், செய்தித்தாளில் பெயர் மாற்ற விளம்பரம் கொடுத்தான், கண்ட மேஜையில் எல்லாம் பல்லைக் காட்டினான். கடைசியில் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. ரத்த உறவில் ஒருவர் நேரில் வந்து, பழைய பெயர்க்காரரும் புதுப் பெயர்க்காரரும் ஒரே ஆள்தான் என்று அதிகாரி முன்னால் சொல்ல வேண்டும்.

ரத்த உறவென்றால் அவனுக்கு அம்மாதான். அம்மா பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையில் இருப்பவள். நாள் முழுக்கப் பெயர் பெயராகக் கூவிப் பழகிய நாக்கு அது. பல வருஷத்துக்கு முன்னால் மகன், தான் பெண் இல்லை ஆண் என்ற விஷயத்தைச் சொன்னபோது அழுதாள், திட்டினாள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் தானாகவே, "சரி, இனிமே உன்ன என்னன்னு கூப்பிடணும்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டாளே தவிர, நாக்கு அவள் பேச்சைக் கேட்கவில்லை. பழைய பெயர் வாய் தவறி வந்துவிட்டால், அறையைவிட்டு வெளியே போய், மறுபடி உள்ளே வந்து, அப்போதுதான் பார்ப்பவள்போல் புதுப் பெயரில் கூப்பிடுவாள். சில நாட்களில் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தே கால் வீங்கிப்போகும். இப்படிப் பாடுபட்டுத்தான் அந்தப் பெயரை வீட்டைவிட்டுத் துரத்தினாள். ஒரு விசேஷத்தில் அவனுடைய அத்தை வேண்டுமென்றே அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தபோது, "அப்படி எங்க வீட்ல யாரும் இல்லையே" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னவள் அவள்.

இதையெல்லாம் யோசிக்க வேண்டிய மெக்கானிக் யோசிக்கவில்லை. ஒரு லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு அவசர அவசரமாக போன் செய்து, "வெள்ளிக்கிழமை வாம்மா, நான் யாருன்னு கேப்பாங்க, சொல்லணும்" என்று மட்டும் சொல்லிவைத்தான்.

வெள்ளிக்கிழமை அதிகாரியின் அறையில் அம்மா, மகன், மருந்துக்கடைப் பெண் மூவரும் உட்கார்ந்தார்கள். அதிகாரி கண்டிப்பான பெண்மணி, ஆனால் கெட்டவர் இல்லை. பிறப்புச் சான்றிதழை அம்மா பக்கம் திருப்பி வைத்தார்.

"இதுல இருக்கற பொண்ணு உங்க பொண்ணுதானேம்மா?"

"எனக்குப் பொண்ணே கிடையாது" என்றாள் அம்மா.

அதிகாரி நிமிர்ந்தார்.

"அம்மான்னு உங்க பேர்தானே போட்டிருக்கு?"

"போட்டிருக்கலாம். ஆஸ்பத்திரில ஆயிரம் தப்பு நடக்கும். எனக்கு ஒரே பையன். இதோ உக்காந்திருக்கான்."

சொல்லிவிட்டு மகனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். எப்படி, மாட்டிக்கொள்ளாமல் சமாளித்தேன் பார்த்தாயா என்று கேட்கிற தலையசைப்பு. தன் நாக்கைச் சோதிக்கத்தான் அரசாங்கம் அழைத்திருக்கிறது என்று அவள் நினைத்துவிட்டாள். மருந்துக்கடைப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

அதிகாரி பேனாவை மூடினார். "அப்போ வேற யாரோட சான்றிதழையோ இவர் கொண்டுவந்திருக்கார். நான் நிராகரிக்கணும். திரும்ப மனு போட்டா ஆறு மாசம் ஆகும்."

மெக்கானிக் அம்மாவின் பக்கம் குனிந்தான். "அம்மா, இங்க மட்டும் அதைச் சொல்லணும். ரெண்டும் ஒரே ஆள்னு நீ சொன்னாத்தான் எனக்குப் புதுப் பேர் குடுப்பாங்க."

"எந்தப் பேரைச் சொல்லணும்?"

"பழசை."

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "எத்தன வருஷம்டா. தூக்கத்துல கூடச் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்."

"தெரியும்மா. பரவால்ல, சொல்லு."

"உனக்குப் பரவால்ல." அவள் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். "நீ வெளிய போ. உன் காதுல விழற மாதிரி சொல்ல மாட்டேன்."

அதிகாரி, விதிப்படி மகனும் அறையில் இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கதவு கண்ணாடிதானே, அங்கிருந்து தெரிந்தால் போதும் என்றார். மெக்கானிக் வெளியே போய் நின்றான். அம்மா கையை உயர்த்தியதும், அவள் உதடு அசைந்ததும் தெரிந்தது. புதுப் பெயருக்கான ஆணையில் முத்திரை விழுந்தது.

அதன் பிறகு எல்லாம் ஓட்டம்தான். திருமணப் பதிவு மேல்மாடியில். ஜன்னலைச் சாத்தப் போன ஊழியரிடம் மருந்துக்கடைப் பெண் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்திவைத்தாள். கையெழுத்துகள் விழுந்தன. சாட்சி இடத்தில் அம்மா, 'மாப்பிள்ளையின் தாய்' என்று இரண்டு பேருக்குப் போதுமான இடத்தை அடைத்துக்கொண்டு எழுதினாள்.

நகல் வாங்கப் பெண் வரிசையில் நின்றாள். அம்மாவும் மகனும் நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அம்மா அவனைப் பார்க்காமல் புடவை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். கோபமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

"கஷ்டமா இருந்துச்சாம்மா?"

"சொல்லக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. சொன்னதுக்கப்புறம் நல்லா இருந்துச்சு. அதான் என்னவோ மாதிரி இருக்கு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஆசைப்பட்டு வெச்ச பேருடா அது. நீ பொறந்தப்ப உனக்குக் குடுக்க என் கையில வேற ஒண்ணுமே இல்ல."

மெக்கானிக் அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பெயரிலிருந்து தப்பிக்கத்தான் இத்தனை வருஷம் ஓடினான். அதை ஒருத்தி தனக்காக யோசித்து யோசித்து வைத்திருப்பாள் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது, அம்மாவின் மேல் பிரியம் பொங்கியது.

"அது உன்னோடதும்மா" என்றான். "என்னை அப்படிக் கூப்பிடாதே. ஆனா தூக்கிப் போடாதே, நீயே வெச்சுக்கோ."