நடுவர்கள் எழுந்து நின்ற தேர்வு

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் தெருமுனையில் ஒலிபெருக்கி அலறினால் இபு வுர்யானி வந்துவிட்டார் என்று அர்த்தம். இந்தோனேசியாவின் சோலோ நகரத்தில் பெண்களை 'இபு' என்றும் ஆண்களை 'பாக்' என்றும் மரியாதையாகக் கூப்பிடுவோம். எங்கள் பேட்டைப் பெண்களுக்கு உடற்பயிற்சி நடத்துகிறவர் அவர்தான். மற்ற நாட்களில் சந்தையில் தெம்பே என்னும் புளித்த சோயாக் கட்டியைப் பொரித்து விற்பார். "கிணத்துல தண்ணி இழு!" என்று கத்தினால் நாங்கள் முழங்கையை மடக்குவோம். "துணியைக் கொடியில போடு!" என்றால் இரண்டு கையும் மேலே போகும். என்னைப் போன்ற சோம்பேறிக்கு வேறு எப்படிச் சொன்னாலும் உடம்பு அசையாது.

இதற்குத்தான் ஆபத்து வந்தது. இனிமேல் பயிற்சி நடத்துகிறவர்கள் நகரச் சங்கத்தின் தேர்வில் தேற வேண்டுமாம். தேறாவிட்டால் சங்கமே ஓர் ஆளை அனுப்பிவிடும். பக்கத்துப் பேட்டைக்கு அப்படி வந்தவர் ஓயாமல் விசில் ஊதுகிறார், யாராவது சிரித்தால் முறைக்கிறார்.

இபு வுர்யானி எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றபடியே படித்து, என்னிடம் ஒப்பித்தார்.

"இபு லஸ்மி, கேளுங்க. முழங்கையை மடக்குனா மேல்கைக்கு முன்னால இருக்குற இருதலைத் தசை சுருங்கும், பின்னால இருக்குற முத்தலைத் தசை தளரும். நீட்டுறப்ப அப்படியே மாறிடும்."

"ஒருத்தர் இழுத்தா இன்னொருத்தர் விட்டுக்கொடுக்கணும்னு சொல்றீங்க."

"ஆமா. உங்க வீட்டுல நடக்காத விஷயம்."

தேர்வு நாளில் நாங்கள் கும்பலாகப் போய் ஜன்னலோரம் நின்றுகொண்டோம். உள்ளே மூன்று நடுவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பாக் ஹர்ஜித்தோவுக்கு எழுபது வயதிருக்கும். கேட்ட தசைக்கெல்லாம் இபு வுர்யானி டாண் டாணென்று பதில் சொன்னார். கையைப் பக்கவாட்டில் தூக்கினால் விலக்கல், உடம்போடு திரும்பச் சேர்த்தால் ஒடுக்கல், தூக்குவது தோள் தசை. எல்லாம் சரி.

செய்து காட்டச் சொன்னதும்தான் வினை வந்தது. பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, அவர்கள் முன்னால் நெட்டுக்குத்தலாக நிற்க எங்களில் யாருக்கு மனசு வரும்? குனிந்து வலதுகையைத் தாழ்த்துவதுதான் எங்கள் ஊர் மரியாதை. இபு வுர்யானியின் முதுகு தானாக வளைந்தது, வலதுகை தானாகத் தரையைப் பார்த்தது.

"முதுகை நிமிர்த்துங்க இபு. நிமிராட்டி மார்க் போட முடியாது" என்றார் ஒரு நடுவர்.

நிமிர்ந்தார். பாக் ஹர்ஜித்தோவின் கண்ணைப் பார்த்ததும் மறுபடியும் குனிந்துவிட்டார். மூன்றாவது தடவையும் அதே கதி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. விசில்காரன் எங்கள் தெருவுக்குள் நுழைவது கண்முன் தெரிந்தது.

இபு வுர்யானி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிக்கணும் பாக். நீங்க உக்காந்திருந்தா என் முதுகு நிமிராது. கொஞ்சம் எழுந்திரிக்கிறீங்களா?"

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாக் ஹர்ஜித்தோ சிரித்துக்கொண்டே எழுந்தார். மற்ற இருவரும் எழுந்தார்கள். அவ்வளவுதான், இபு வுர்யானி மூங்கிலாக நிமிர்ந்தார். எதிரே மூன்று பேர் நிற்பதைப் பார்த்ததும் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது.

"சும்மா ஏன் நிக்கணும்? கிணத்துல தண்ணி இழு!"

மூவரும் இழுத்தார்கள். துணி காயப்போட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே நாங்களும் காயப்போட்டோம்.

"இப்ப முழங்காலை மடக்கி, இல்லாத நாற்காலியில உக்காரு! முதுகு நேரா! அப்படியே நில்லு!"

நடுவர்கள் அந்தரத்தில் பாதி உட்கார்ந்தார்கள். பாக் ஹர்ஜித்தோவின் கால் வெடவெடத்தது.

"இபு... தொடைக்கு முன்னால எரியுதே, அது என்ன தசை?"

"நாற்றலைத் தசை பாக். நாளைக்கும் எரியும்."

"சரியான பதில். நீங்க பாஸ்" என்றார் அவர், மூச்சு வாங்க. "இப்பவாவது எங்களை உக்கார விடுவீங்களா?"